இறங்காத முள்

என் மேஜையின் வலது ஓரத்தில் எப்போதும் ஒரு சுத்தியல் கிடக்கும். சோதனையில் தோற்ற பிரஷர் கேஜை, அதைக் கொண்டுவந்தவர் கண்ணெதிரே மல்லாக்கப் போட்டு, முகத்தில் ஓங்கி ஒரு போடு போடுவேன். கண்ணாடி நொறுங்க வேண்டும், முள் முறிய வேண்டும், எண்கள் தெரியாமல் போக வேண்டும். 'உபயோகிக்கக் கூடாது' என்று ஒரு தாளை ஒட்டி அனுப்பினால் போதும் என்பதுதான் முறை. அந்தத் தாளை உரித்துவிட்டு அதே கேஜை பாய்லரில் மாட்டிய புண்ணியவான்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படி மாட்டிய பாய்லர் ஒன்று வெடித்து, ஒரு மனிதரின் முதுகுத் தோல் சட்டையோடு சேர்ந்து உரிந்து வந்ததையும் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு நான் தாளை நம்புவதில்லை.

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் என் கடை. ஒரே அறை, ஒரு மேஜை, ஒரு கைப்பம்பு, மற்றவற்றை ஒப்பிட்டுப் பார்க்கத் தப்பே செய்யாத ஒரு தாய்க் கேஜ். கருவிகள் சூடாகக் கூடாது என்பதற்காக ஏசியை எந்நேரமும் குளிர ஓடவிட்டிருப்பேன். வருகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நடுங்குவார்கள். நிலக்கரி இறக்கும் இயந்திரம், உப்பளத்துப் பம்பு, மீன் கம்பெனி பாய்லர் என்று எங்கெல்லாம் அழுத்தம் இருக்கிறதோ அங்கிருந்தெல்லாம் கேஜ்கள் என்னிடம் வரும். ஒரு பொம்பளை இந்த வேலையைச் செய்கிறாளா என்று ஆரம்பத்தில் சிரித்தார்கள். இப்போது கோபக்காரி என்று சொல்கிறார்கள். அது உண்மைதான், மறுக்க மாட்டேன்.

கேஜ் சொல்லும் பொய் மூன்று வகை. முதல் வகை எப்போதும் ஒரே அளவு கூட்டியோ குறைத்தோ சொல்லும். அது வெகுளி, தெரிந்துகொண்டால் கழித்துவிடலாம். இரண்டாவது வகை, அழுத்தம் ஏற ஏற அளப்பைக் கூட்டிக்கொண்டே போகும். வாய்ச்சவடால் பேர்வழி, அதையும் திருகித் திருத்திவிடலாம். மூன்றாவதுதான் விஷம். அழுத்தம் ஏறும்போது ஒழுங்காகச் சொல்லும், இறங்கும்போது மட்டும் முள் இறங்காமல் பழைய இடத்திலேயே நிற்கும். சோதிக்கிறவர்களில் பாதிப் பேர் ஏற்றிப் பார்ப்பதோடு எழுந்துவிடுகிறார்கள். இறக்கிப் பார்க்கச் சோம்பல். போதாக்குறைக்கு, பார்ப்பதற்கு முன் கண்ணாடியை விரலால் தட்டும் பழக்கம் வேறு. தட்டினால் மாட்டிக்கொண்ட முள் விடுபட்டு யோக்கியன் மாதிரி சரியான இடத்துக்கு வந்துவிடும். நான் முதலில் தட்டாமல் பார்ப்பேன், பிறகுதான் தட்டுவேன்.

ஒரு மார்கழிக் காலை, கடை திறந்த கையோடு ஒரு பெண் வந்தாள். அழுது அழுது கண் இமை தடித்திருந்தது. ஒயர் கூடைக்குள்ளிருந்து துண்டில் சுற்றிய ஒரு கேஜை எடுத்து மேஜையில் வைத்தாள். ஐந்து விரலிலும் கிரீஸ், ஒரு நகம் பிய்ந்து ரத்தம் காய்ந்திருந்தது. யாரும் இல்லாத நேரம் பார்த்துத் தானே ஸ்பேனர் போட்டுக் கழற்றியதாகச் சொன்னாள்.

தெற்கே ஒரு கடற்கரை ஊர் அவளுக்கு. புருஷன் சங்கு குளிக்கிறவன். வள்ளத்தில் ஒரு கம்பரசர் ஓடும், அதிலிருந்து ஒரு குழாய் வழியாகக் கடலடியில் இருப்பவனுக்குக் காற்று போகும். அழுத்தம் விழாமல் இருக்கிறதா என்று கேஜைப் பார்த்துக்கொண்டு மேலே ஒருவன் உட்கார்ந்திருப்பான். அந்த இடத்தில் யாரை உட்கார வைப்பது என்பதில் அந்தக் கரைக்கு ஒரு வழக்கம் உண்டு. பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனைத்தான் வைப்பார்கள். கூலிக்காரன் தூங்கிவிடலாம், பங்காளிக்குப் பகை இருக்கலாம், தன் தங்கை தாலியறுக்க எந்த அண்ணனும் சம்மதிக்க மாட்டான் என்பது கணக்கு. முத்துக் குளித்த நாளிலிருந்தே கயிறு பிடிக்கிறவன் மச்சான்தான் என்கிறார்கள். இவள் புருஷனுக்குக் காற்றுப் பார்த்தவன் இவளுடைய அண்ணன்.

முந்தின நாள் கடலில் இருக்கும்போது கம்பரசருக்குள் ஒரு வால்வுத் தகடு உடைந்துவிட்டது. எஞ்சின் எப்போதும் போல ஓடியது, சத்தமும் மாறவில்லை, காற்று மட்டும் போகவில்லை. கீழே இருந்தவன் மூச்சு முட்டி, குழாயைத் துப்பிவிட்டு, நெஞ்சுக்குள் இருந்த காற்றோடு ஒரேயடியாக மேலே பாய்ந்திருக்கிறான். அப்படி வந்தால் உள்ளே அடைபட்ட காற்று விரிந்து நுரையீரல் கிழிந்துவிடும். வள்ளத்தில் இழுத்துப் போட்டபோது மூக்கிலும் வாயிலும் ரத்தம் நுரைத்துக்கொண்டு வந்ததாம். அண்ணன் மடியிலேயே உயிர் போயிருக்கிறது.

அண்ணன் ஒரே வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். முள் சிவப்புக் கோட்டில்தான் நின்றது, நான் கண்ணை எடுக்கவே இல்லை என்றான். யாரும் நம்பவில்லை. காற்றில்லாமல் முள் எப்படி நிற்கும்? தூங்கியிருக்கிறான், இல்லை குடித்திருக்கிறான். செத்தவனின் அண்ணன் அவனைக் கடற்கரையில் போட்டு மிதித்து, ஒரு கண்ணை மூடவைத்து, ஏலக்கூடத்துத் தூணில் கட்டிவைத்திருந்தான். அதற்கு முன்பே போலீஸ் வந்து உடலைப் பார்த்து எழுதிக்கொண்டு போயிருந்தது. கேஜை யாரும் பார்க்கவில்லை.

"கொன்னுருவாவ" என்றாள் அவள். "தூங்கியிருந்தாம்னா நானே கொல்லட்டும்னு விட்டுருவேன். எனக்குத் தெரியணும்."

கேஜைத் துடைத்தேன். சீனாவிலிருந்து வரும் மலிவுச் சரக்கு. கண்ணாடியின் உள்புறம் மங்கி வெள்ளையாக இருந்தது. முள் எஞ்சினோடு சேர்ந்து துள்ளாமல் இருக்க இந்தக் கேஜ்களுக்குள் கிளிசரின் நிரப்பியிருப்பார்கள். அது பழசாகி மங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வேலை செய்யும் அழுத்தத்துக்கு நேரே கண்ணாடி மேல் நகப்பாலிஷால் ஒரு சிவப்புக் கோடு. தன்னுடைய பாலிஷை எடுத்துத்தான் புருஷன் போட்டதாகச் சொன்னாள்.

கைப்பம்பில் தாய்க் கேஜையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி அழுத்தத்தை ஏற்றினேன். கொஞ்சம் சோம்பலாகத்தான், ஆனால் சிவப்புக் கோடு வரை ஏறியது. பிறகு மெல்லக் காற்றை விட்டேன். தாய்க் கேஜின் முள் பாதிக்கு வந்தது, கால்வாசிக்கு வந்தது, சைபரில் படுத்துவிட்டது. இந்த முள் சிவப்புக் கோட்டிலேயே நின்றது. விரலால் ஒரு தட்டுத் தட்டினேன். கொஞ்சம் சரிந்து மறுபடி நின்றுகொண்டது.

"உங்கண்ணன் தூங்கல" என்றேன். "இதுதான் தூங்கியிருக்கு."

அவள் மேஜை விளிம்பில் நெற்றியை வைத்து முட்டி முட்டி அழுதாள். எனக்குக் கை சுத்தியலுக்குப் போனது. உடைத்தால் சாட்சி போய்விடும் என்று அடக்கிக்கொண்டேன். பெட்டியில் எல்லாவற்றையும் எடுத்துப் போட்டு, சுத்தியலையும் பழக்கதோஷத்தில் உள்ளே எறிந்து, ஸ்கூட்டரில் அவளைப் பின்னால் உட்கார வைத்துக் கிளம்பினேன். உள்ளே ஏதோ பல்சக்கரம் தேய்ந்து முள் மாட்டுகிறது என்பது என் முடிவு. ஆராய நேரமில்லை, ஊரார் கண்ணெதிரே ஒரு தடவை இறக்கிக் காட்டினால் போதும் என்று இருந்தேன்.

போய்ச் சேரும்போது உச்சி வெயில். ஏலக்கூடத்தின் தகரக் கூரைக்குக் கீழே தூணோடு தூணாக அவள் அண்ணன் கட்டுண்டு தொங்கினான். உதடு கிழிந்து தாடை வரை ரத்தம் கோடாகக் காய்ந்திருந்தது, ஈ மொய்த்தது. கூட்டத்தில் பலர் கையில் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். அடித்தவன் ஒரு துடுப்பின் மேல் கையை ஊன்றி உட்கார்ந்திருந்தான். கழுத்தும் தோளும் பாறை, கண் மட்டும் அழுத கண். அவனைப் பார்த்ததும் பயம்தான் வந்தது, அதற்குப் பின்னாலேயே கோபமும் வந்தது.

வந்த விஷயத்தைச் சொன்னேன். கேஜ் மாற்றிக் கொண்டுவந்தது இல்லை என்பதற்குச் சிவப்புக் கோட்டைக் காட்டினேன். அவன் அதைத் தடவிப் பார்த்துத் தம்பியுடையதுதான் என்று ஒப்புக்கொண்டான். அந்த மிஷினில் ஒரு குறை வைக்கவில்லை என்றான். முள் ஆடுகிறது, சரியாகத் தெரியவில்லை என்று தம்பி சொன்னபோது அதையும் தான்தான் சரிபண்ணிக் கொடுத்தானாம். சொல்லும்போதே குரல் உடைந்தது.

மீன் ஏலம் போடும் சிமெண்டுத் திட்டில் பம்பை வைத்தேன். தகரத்து இடைவெளி வழியாக வெயில் நேரே கேஜ் மேல் விழுந்தது. அழுத்தத்தை ஏற்றினேன், முள் சிவப்புக் கோட்டுக்கு வந்தது. இப்போது பாருங்கள் என்று சொல்லி இறக்கினேன். இரண்டு முள்ளும் கைகோத்துக்கொண்டு சைபருக்கு இறங்கின. மறுபடி ஏற்றி இறக்கினேன். மறுபடியும் கைகோத்துக்கொண்டு இறங்கின.

பிறகு துடுப்பு காற்றில் சுழன்ற சத்தம் கேட்டது. கட்டிப் போட்டிருந்தவனின் விலாவில் அது விழுந்தபோது ஈர விறகு முறிவது மாதிரி ஒரு சத்தம் வந்தது. இன்னொரு அடி தோளில். அவன் கத்தக்கூட இல்லை, முள் கோட்டுலதான் நின்னுச்சு மச்சான் என்று முனகினான். தங்கை குறுக்கே பாய்ந்தாள், யாரோ முடியைப் பிடித்து இழுத்தார்கள். நான் துடுப்பைப் பிடித்தேன். முழங்கையால் ஒரு இடி என் வாயில் விழுந்து, சிமெண்டில் போய் விழுந்தேன். வாய் முழுக்க உப்பாக ரத்தம். எவ்வளவு வாங்கினாள் என்று ஒருத்தன் என் தலைக்கு மேல் கேட்டான்.

"ஏளா, பெட்டியத் தூக்கிட்டு ஓடிரு" என்றான் துடுப்புக்காரன். "இல்லன்னா இவம் பக்கத்துலயே உன்னையும் கட்டிருவேன்."

எனக்குப் பயத்தைவிட அவமானம்தான் பெரிதாக இருந்தது. என் வாழ்க்கையில் ஒரு கருவி என்னைப் பொய்க்காரி ஆக்கியதில்லை. தரையில் கிடந்தபடியே அந்தக் கேஜை முறைத்தேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. கண்ணாடி தெளிவாக இருந்தது. காலையில் என் அறையில் மங்கி வெளுத்திருந்தது, இப்போது எண்கள் பளிச்சென்று தெரிந்தன. கிளிசரின் மங்கினால் மங்கினதுதான், வெயிலில் வைத்தால் தெளியாது. என் அறைக்கும் இந்தத் திட்டுக்கும் என்ன வித்தியாசம்? குளிர்.

எழுந்து போய் கேஜின் உச்சியில் இருந்த ரப்பர் மூடியை நெம்பி மோந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய். அது மார்கழியில் குளியலறைப் பாட்டிலில் உறைந்துபோய், தலை குளிக்க நேரமாகிறது என்று நாம் எல்லோரும் வெயிலில் வைத்து எடுக்கிறோமே, அதே எண்ணெய். காலையில் அரைகுறையாக உறைந்திருந்ததால் முள் தள்ளிக்கொண்டு ஏறியிருக்கிறது, ஏறிய இடத்திலேயே என் ஏசிக் குளிரில் இறுகிவிட்டது.

மூடியைத் திரும்ப அமுக்கினேன். ஏலக்கூடத்தில் ஐஸுக்கா பஞ்சம்? உடைத்த ஐஸ் நிரம்பிய பெட்டி ஒன்றை இழுத்து வந்து திட்டில் கவிழ்த்தேன். யாரோ தடுக்க வந்தார்கள். ரத்தத்தைத் துப்பிவிட்டு, இன்னும் ஒரே ஒரு தடவை, அதற்குப் பிறகு என்னையும் கட்டிக்கொள்ளுங்கள் என்று கத்தினேன். அந்தக் கத்தலுக்கு நானே பயந்துபோனேன். அழுத்தத்தை ஏற்றிச் சிவப்புக் கோட்டில் முள்ளை நிறுத்தினேன். அப்படியே கேஜைச் சுற்றி ஐஸை அள்ளிக் குவித்து, முகத்தை மட்டும் விட்டேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. கூட்டம் முணுமுணுத்தது. பிறகு கண்ணாடியின் ஓரத்தில் ஒரு வெள்ளை படர்ந்தது. அது மெல்ல நடுவை நோக்கி வந்து முள்ளைச் சூழ்ந்துகொண்டது. பால்கட்டி மாதிரி இறுகியது. காற்றை முழுவதும் திறந்துவிட்டேன். புஸ்ஸென்று போனது, தாய்க் கேஜ் சைபரில் விழுந்தது. வெள்ளைக்குள் அந்த முள் சிவப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றது.

கரையில் வைத்துக் காற்று நிரப்பும்போது எஞ்சின் சூட்டில் எண்ணெய் இளகியிருக்கும், முள் ஏறியிருக்கும். கடலுக்குள் போனதும் விடியற்கால வாடைக் காற்று, கேஜ் முழுக்க நனைத்த அலைத் தூறல். ஈரத்தில் காற்றடித்தால் குளிர் ஏறும் என்பதை அந்தக் கூட்டத்துக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இதையெல்லாம் சொல்லி முடித்து, கேஜுக்குள் தேங்காய் எண்ணெய் ஊற்றியது யார் என்று கேட்டேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று வெறியோடுதான் கேட்டேன். போனைத் தூக்கிப் பிடித்திருந்த கைகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. கிளிசரின் ஒழுகிப்போனால் எண்ணெய் ஊற்றிக்கொள்வது அந்தக் கரை முழுக்க உள்ள பழக்கம் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. பாதிப் பேர் தங்கள் வள்ளங்கள் நிற்கும் பக்கம் பார்த்தார்கள்.

துடுப்பு கீழே விழுந்தது.

"நாந்தான் ஊத்துனேன்" என்றான் செத்தவனின் அண்ணன். "முள்ளு துடிக்குன்னு சொன்னான். இந்தக் கையாலதான் ஊத்துனேன்."

அடுத்து நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. என் பெட்டி திறந்து கிடந்தது. அவன் சுத்தியலை எடுத்தான். வலது கையைத் திட்டில் பரப்பி வைத்து, இடது கையால் ஓங்கிப் போட்டான். நான் வாழ்நாள் முழுவதும் கண்ணாடி நொறுங்கும் சத்தத்தைக் கேட்டவள், விரல் நொறுங்கும் சத்தம் வேறு. மறுபடி ஓங்கினான். அதற்குள் யாரோ தூணில் கட்டை அவிழ்த்திருக்க வேண்டும். விலா முறிந்தவன் தள்ளாடிக்கொண்டு வந்து சுத்தியல் பிடித்த கையில் மொத்த உடம்போடும் தொங்கினான். இருவரும் ஐஸ் மேல் புரண்டார்கள். ஐஸெல்லாம் சிவந்தது.

அவள் நெருங்கி வந்து நின்றாள். கத்தவில்லை.

"கைய ஒடச்சுக்கிட்டா அவிய வந்துருவாவளாக்கும்?" என்றாள்.

அவன் குழந்தை மாதிரி வாய்விட்டு அழுதான். அவளுடைய அண்ணனும் அழுதான். எனக்கும் அழுகை வந்தது, அத்தனை பேர் முன்னால் அழுதுவிட்டேன். கேஜை அவளிடமே கொடுத்தேன். அவள் அதைத் துண்டில் சுற்றிக்கொண்டாள்.

பொங்கல் கழிந்து ஒரு காலையில் அந்த இருவரும் என் கடைக்கு வந்தார்கள். ஒருவனுக்கு விலாவில் இறுக்கிச் சுற்றிய கட்டு, கண் இன்னும் முழுசாகத் திறக்கவில்லை. மற்றவனுக்கு வலது கை முழுவதும் மாவுக்கட்டு. நடுவே ஒரு மீன் கூடையைத் தூக்கி வந்தார்கள். உள்ளே கரையிலிருந்த வள்ளங்களின் கேஜ்கள், கடை முழுக்கத் தேங்காய் எண்ணெய் வாசனை. புதுசு எது வாங்க வேண்டும் என்று கேட்டார்கள், சொன்னேன். பழசை மேஜையில் வரிசையாக வைத்தேன். ஏசிக் குளிரில் ஒன்று வெளுத்தது, பிறகு பக்கத்தில் இருந்தது, பிறகு அதற்கும் அடுத்தது. மூன்று பேரும் நின்று பார்த்தோம். ஒவ்வொன்றுக்கும் கீழே யாரோ ஒருவன் கடலடியில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

"உடைச்சிரலாமா?" என்றேன்.

மாவுக்கட்டுக்காரனால் சுத்தியலைப் பிடிக்க முடியாது. அதனால் விலாவில் கட்டுப் போட்ட மச்சான் எடுத்துக்கொண்டான். எண்ணெய்ப் பிசுக்கில் கேஜ்கள் வழுக்கின, மேஜையில் நிற்கவில்லை. மாவுக்கட்டுக்காரன் தன் இடது கையால், அவனுக்கு மிச்சமிருந்த ஒரே நல்ல கையால், முதல் கேஜின் விளிம்பைச் சுற்றிப் பிடித்து அழுத்திக்கொண்டான். சுத்தியல் இறங்கும் இடத்துக்கும் அவன் விரல்களுக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளிதான் இருந்தது. ஓங்குகிறவனுக்கோ ஒரு கண்தான் தெரியும். நான் கையை எடுக்கச் சொன்னேன்.

"இருக்கட்டும்" என்றான் அவன். "போடு மச்சான்."

மச்சான் ஓங்கிப் போட்டான். கண்ணாடி தெறித்தது. கூடை காலியாகும் வரை அந்தக் கை அங்கேயே இருந்தது.